கிறிஸ்துமஸுக்கு ஒரு புகார்ப் புத்தகம்

புகார்ப் புத்தகத்தைக் காணவில்லை. நூலகர் மூன்று இழுப்பறைகளையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டார். உடைந்த பென்சில்கள் பதினொன்றும், யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையும் கிடைத்தன. புகார்ப் புத்தகம் மட்டும் இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு ஆய்வாளர் வருகிறார். வந்ததும் அந்த மனிதர் முதலில் கேட்பது அதைத்தான். பன்னிரண்டு வருடமாக ஆடாமல் அசையாமல் கிடக்கும் நூலகரின் பதவி உயர்வு ஃபைல், அவர் கையெழுத்துப் போட்டால்தான் நகரும்.

“அக்கா, புகார் நோட்டைப் பாத்தீங்களா?”

பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மா நிமிர்ந்தார். “கிழிஞ்சு போச்சுன்னு நீங்கதானே மேடம் பைண்டிங்குக்கு அனுப்பினீங்க?”

நூலகர் மேசை ஓரத்தில் மிச்சமிருந்த பிரவுன் பேப்பர் சுருளைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நூலகத்தில் டிசம்பர் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் படிக்கத் தங்களுக்குப் பிடித்த புத்தகங்களை ஊழியர்களே தேர்ந்தெடுத்து, பிரவுன் பேப்பரில் பொட்டலம் கட்டி வைப்பார்கள். மேலே பெயர் இருக்காது. ஒரு வரிச் சிபாரிசு மட்டும் ஒட்டியிருக்கும். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால்தான் உள்ளே என்னவென்று தெரியும். இந்த வருடம் நாற்பது பொட்டலங்கள். தலைமை அலுவலகம் போனில் திட்டிக்கொண்டிருக்க, அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே நாற்பதையும் கட்டியவர் நூலகர். பைண்டிங்கிலிருந்து வந்த பன்னிரண்டு நாவல்களுக்கும் நீலத்துணி அட்டை. புகார்ப் புத்தகத்துக்கும் அதே நீலத்துணி அட்டை.

இரவல் பதிவேட்டைப் புரட்டினார். ஒரே ஒரு வரியில் புத்தக எண் இல்லை. பக்கத்தில் அவருடைய கையாலேயே எழுதியிருந்தது: ‘தையல்காரர்.’

தையல் கடையில் பண்டிகை அவசரம். கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“என்ன புத்தகம் மேடம் குடுத்தீங்க! ‘கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள்’னு சும்மாவா ஒட்டியிருந்தீங்க? படிச்சுக்கிட்டே தச்சு, ஒரு சட்டைக்கு ரெண்டு காலர் வெச்சுட்டேன்.”

“ஐயோ, அது புகார்ப் புத்தகங்க!”

“அதான் மேடம் விசேஷமே! புகாராவே ஒரு கதையைச் சொல்லணும்னு எவனுக்குத் தோணும்? ஒவ்வொரு புகாருக்குக் கீழயும் ‘ஆவன செய்யப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’. ஆனா ஒண்ணும் நடக்காது. வாழ்க்கையே அவ்வளவுதானே? அந்த வரியைப் போட்டவரு பெரிய ஞானி மேடம்.”

அந்த ஞானி நூலகரின் மேசையில் மைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் ஸ்டாம்ப். மாதக் கடைசியில் புகார்களின் மேல் கண்ணைக்கூட ஓட்டாமல் டொக் டொக்கென்று குத்திவிட்டுப் போவது மூன்று வருடப் பழக்கம்.

“அதைக் குடுத்துடுங்க. வேற நல்ல நாவலாப் பாத்துத் தர்றேன்.”

“என் தங்கச்சி வாங்கிட்டுப் போயிட்டாளே. ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா. எலும்பு முறிவு வார்டு.”

வார்டு வாசலில் மூச்சு வாங்க வந்து நின்ற நூலகரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு கட்டில்கள். இரண்டு பேருடைய கால்கள் அந்தரத்தில் தொங்கின. நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து நர்ஸ் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், அந்தப் புத்தகம்…”

“உஸ்ஸ்!” ஆறு கட்டில்களும் சேர்ந்து அதட்டின.

வேறு வழியில்லாமல் நூலகரும் கேட்டார்.

‘இரண்டாம் மேசைக்கு மேலுள்ள மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. படிக்க முடியவில்லை.’ அடுத்தது வேறு கையெழுத்தாம். ‘விசிறியைப் பற்றிப் புகார் எழுதியவர் வாய்விட்டு முணுமுணுத்துப் படிக்கிறார். அதற்கு விசிறியே தேவலை.’ மறுபடி முதல் கையெழுத்து. ‘என்னைக் குறை சொன்ன அம்மணி தினமும் ஒரே புத்தகத்தை எடுத்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கம் திருப்பாதவருக்கு நூலகம் எதற்கு?’

வார்டு சிரித்தது. நர்ஸ் குரலைத் தாழ்த்தினார்.

‘என் கணவர் அந்தப் பக்கம்வரைதான் படித்தார். அதற்குமேல் படிக்க அவர் இல்லை. அவருக்குக் கிடைக்காத அடுத்த பக்கம் எனக்கு மட்டும் எதற்கு?’

இரண்டு கைகளிலும் மாவுக்கட்டுப் போட்டிருந்தவர், தன் கண்ணைத் துடைத்துவிடச் சொல்லிப் பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டார்.

‘விசிறி பற்றிய என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.’ அதன்கீழே ஸ்டாம்ப்: ஆவன செய்யப்படும்.

நூலகருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வருடம் புத்தகங்களுக்கு நடுவிலேயே இருந்தவர், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இதுவா தன் மேசைக்கு எதிரே நடந்தது? இதன்மேலா டொக் டொக்கென்று குத்தினோம்? வெட்கமாகவும் பிரமிப்பாகவும் இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தார் நர்ஸ். ‘கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை அந்த அடுத்த பக்கத்தை இரண்டு பேருமாகப் புரட்டலாமா? பதிலை இந்தப் புத்தகத்திலேயே எழுதவும்.’ அதோடு சரி. பிறகு வெற்றுத்தாள்.

“அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்றது தொங்கும் கால் ஒன்று.

“முடிவு தெரியாம புத்தகத்தை விடமாட்டோம்,” என்றார் மாவுக்கட்டு.

புத்தகம் கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது நூலகருக்கு. “இது கதையே இல்லைங்க. நிஜமாவே எங்க நூலகத்துக்கு வர்றவங்க. நாளைக்குத்தானே இருபத்துநாலு? வந்து நேர்லயே பாத்துக்குங்க!” என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தபோது உள்ளே நிற்க இடமில்லை. தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நர்ஸோடு சக்கர நாற்காலி இரண்டு, ஊன்றுகோல் ஜோடி இரண்டு. கால் தொங்கும் இருவர் வர முடியாததால் போனில் இருந்தார்கள்.

ஆய்வாளர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. புகார்ப் புத்தகத்தைப் பிரித்தார். “மூணு வருஷம். நாப்பத்தோரு புகார். ஒண்ணுக்குக்கூட நடவடிக்கை இல்லை. என்ன நிர்வாகம் பண்றீங்க நீங்க?”

நூலகர் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, எல்லாம் போச்சு.

ஆனால் அடுத்த திட்டு வரவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தார். ஆய்வாளர் பக்கத்தைத் திருப்பினார். நின்றபடி நாலு பக்கம். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இருபது பக்கம். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

“ரெண்டாம் மேசை எது?”

காட்டினார்கள். அங்கே போய் உட்கார்ந்தார். “விசிறியைப் போடுங்க.”

கடகடவென்றது விசிறி. ஆய்வாளர் அதை அண்ணாந்து பார்த்தார், கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

“நூலகரம்மா,” என்றார் ஆய்வாளர். “இவங்க ரெண்டு பேரும் வந்து ‘குறை தீர்ந்தது’ன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்த நிமிஷமே உங்க ஃபைல்ல நான் போடறேன்.”

“வரலேன்னா சார்?”

“ஆவன செய்யப்படும்.”

“ஆளு எப்படி இருப்பாங்க மேடம்?” என்று நர்ஸ் காதைக் கடித்தார்.

நூலகர் எவ்வளவு யோசித்தும் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. “மூணு வருஷமா எதிர்லயே உக்காந்திருக்கேன் சிஸ்டர். கண்ணுல படவே இல்லையே. நானெல்லாம் ஒரு மனுஷியா?”

நாலு மணி. ஐந்து மணி. வாசலில் நிழலாடினால் போதும், சக்கர நாற்காலிகள்கூட எழுந்து நிற்கப் பார்த்தன. ஐந்தரைக்கு ஒரு கண்ணியமான மனிதர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பயந்துபோய், “இங்க பாத்ரூம் எங்கங்க?” என்று கேட்டார்.

“வந்துட்டாங்களா? வந்துட்டாங்களா?” போனில் கால்கள் இரண்டும் கத்தின.

“வருவாங்க,” என்றார் ஆய்வாளர். புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு எழுதினவங்க வராம இருக்க மாட்டாங்க.”

ஆறு மணி, மூடும் நேரம். யாரும் அசையவில்லை. துப்புரவுக்காரம்மா வாளியும் மாப்புமாக வந்து இரண்டாம் மேசைக்கு அருகில் நின்றார்.

“கொஞ்சம் காலைத் தூக்குங்க சார். அப்படியே அந்த நோட்டையும் குடுங்க. நீங்க மடியிலயே வெச்சுக்கிட்டிருந்தா, நான் மிச்சக் கதையை எதுல எழுதி அந்தம்மாவை வரவைக்கிறது?”