வாலில் மாட்டிய பல்செட்

புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடையில்கூட விரலை நீட்டித்தான் சாமான் வாங்குவேன். அப்படிப்பட்ட நான், ஒரு சனிக்கிழமை காலையில், ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்புத் திடலின் நட்டநடுவில், இருபது பெற்றோர் பார்க்க, வாயில் இருந்ததையே பறிகொடுத்து நின்றேன்.

பக்கத்து வீட்டுச் செல்விக்குச் சனிக்கிழமையும் ஃபேக்டரி வேலை. அவள் மகள் தர்ஷினியை நான்தான் பார்த்துக்கொள்வேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பந்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். ஆனால் நாலு பேரைக் கண்டால் என்னைப்போலவே ஒளிந்துகொள்வாள். (என்னோடு பழகியதால்தான் இப்படி என்று செல்வி சொன்னதில்லை, நல்ல பெண்.) கூச்சம் போகட்டும் என்று செல்விதான் அவளைச் சின்னப் பிள்ளைகளின் பந்து வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

அங்கே கோல் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. ஆளுக்கொரு குட்டிப் பந்து. பின்பக்கம் கால்சட்டையில் ஒரு துணியை வாலாகச் செருகிக்கொள்ள வேண்டும். பந்தை உருட்டிக்கொண்டே அடுத்தவர் வாலைப் பிடுங்க வேண்டும். எல்லாரும் புலியாம். (நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பந்து என்றால் மண்டை உடையும். இதென்ன ஆட்டம் என்று கோச்சிடம் கேட்க நினைத்தேன். வாய் வந்தால்தானே!) முதல் வாரம் தர்ஷினியின் வால்தான் முதலில் போனது. ஓடிவந்து என் மடியில் முகம் புதைத்தவள், கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

"இந்த வாரமும் அழுதா நிறுத்திரலாம் ஆன்ட்டி. பாவம்லா" என்றாள் செல்வி.

வால் போனால்தானே அழுவாள்? போகாமல் செய்துவிட்டால்?

மறு வாரம், காய்கறி கட்டிவந்த ராஃபியா கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். யாரும் பார்க்காத நேரத்தில் அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி, வாலையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். பால்மரம் சீவிய காலத்தில் விறகுக் கட்டுக்குப் போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

"ஆயா, இனிமே யாரும் புடுங்க முடியாதா?"

"யானை வந்தாலும் முடியாதுடி."

யானை வரவில்லை. மூன்று பிள்ளைகள் வந்தார்கள். முதல் பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தது; வரவில்லை. அதன் இடுப்பைப் பிடித்து இன்னொன்று இழுத்தது, அதன் பின்னால் இன்னொன்று. ரயில்வண்டி மாதிரி நாலு பேரும் சுற்றிவந்து புல்லில் குவியலாக விழுந்தார்கள்.

கோச் மதன் ஓடிவந்து முடிச்சை நகத்தால் கிளறினார். அசையவில்லை.

"யார் கட்டுனது இத?"

தர்ஷினி விரலை நீட்டினாள். (நான் கடையில் நீட்டுவதுபோலவே.)

போனேன். கத்திரிக்கோல் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வேண்டுமே! மண்டிபோட்டு, முடிச்சைப் பல்லால் கடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். முடிச்சு வரவில்லை. என் மேல்வரிசைப் பல்செட்தான் வந்தது, ராஃபியா நாரில் வசமாகச் சிக்கிக்கொண்டு. கூச்சம் தாங்காமல் தர்ஷினி நெளிந்து, என் கையிலிருந்து நழுவி ஓடினாள். வாலோடு என் பல்லும் ஓடியது.

"வாலுக்குப் பல்லு இருக்கு! கடிக்கும்!" என்று ஒரு பிள்ளை அலற, புலிகளெல்லாம் சிதறின. தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். தன்னைக் கண்டு எல்லாரும் ஓடுவது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை. கெக்கெக்கே என்று சிரித்து, பந்தை உருட்டிக்கொண்டு அத்தனை பேரையும் விரட்ட ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நான் அவளை விரட்டினேன்.

ஒருவழியாகப் பிடித்துக் கயிற்றை வெட்டிய கோச், பல்செட்டை இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார்.

"அம்மா, வால் போனா ஆட்டம் முடியாதும்மா. எங்கிட்ட வந்தா வேற வால் குடுப்பேன், திரும்ப ஓடலாம். இந்த வயசுப் புள்ளைங்க ஓரமா நிக்கக்கூடாது, ஓடிக்கிட்டே இருக்கணும். போன வாரமே கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா."

அவர் காலடியில் ஒரு வாளி நிறைய வால் இருந்தது.

தர்ஷினிக்கு இப்போது எட்டு வயது. பந்தை இன்னும் விடவில்லை; அதே திடலில் பெரிய பிள்ளைகளோடு ஆடுகிறாள், கூட்டிப்போவது நான்தான். செல்வி வீட்டில் பொட்டலம் ஏதாவது அவிழவில்லை என்றால், "ஆயா பல்லக் கூப்புடுங்க!" என்று சத்தம் வரும். வகுப்புக்குப் புதிதாக வரும் பெற்றோரிடம் கோச், "வாலச் செருகணும், கட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்ப்பார். நான் உடனே வாயைப் பொத்திக்கொள்வேன். வெட்கம் என்று நினைக்கிறார்கள். பல் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.