கிளட்ச் வேறு செக்‌ஷன்

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. முப்பத்திரண்டு ஆண்டு அரசுப் பணியில் பிறர் மீது பிரிவுகளை ஏவிய எனக்கு இது மனப்பாடம். ஓய்வு பெற்றதும் நான் மீறிய முதல் பிரிவும் இதுவே.

என் கார் ஒரு லிட்டர் டர்போ. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் சின்னப் பம்புதான் டர்போ. திணிப்பைக் கூட்டினால் சக்தி கூடும். பேராசைப்பட்டால் பிஸ்டன் உருகும். நான் அவசரக்காரன் அல்ல. கோப்பு திறந்தேன். (நாடா உட்பட.) முதலில் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர், பிறகு புது பிளக், நல்ல ஆயில். கடைசியில்தான் திணிப்பைக் கூட்டியது, அதுவும் ஆசைப்பட்டதில் பாதி.

திருவல்லிக்கேணி மெக்கானிக் நசீர் பாய் ஓட்டிப் பார்த்து அசந்துவிட்டார். "இன்ஜின் சோக்கா கீது சார்! கிளட்சையும் மாத்திடலாம். குதிரைய பெருசாக்கிட்டு கயிறு பழசாவே இருந்தா எப்டி?"

"கிளட்ச் வேற செக்‌ஷன், பாய். இந்த ஃபைல் இன்ஜினுக்கு மட்டும்தான்."

அடுத்த புதன்கிழமை, மகளின் முகூர்த்தப் புடவை எடுக்கும் நாள். பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் எடுக்காவிட்டால் கல்யாணத் தேதியையே தள்ளலாம் என்று சம்பந்தியம்மா சொல்லியிருந்தார். சம்பந்திகளையும் என் மனைவி கமலாவையும் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து கிளம்பினேன்.

தி.நகர் மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் கர்ஜித்தது. கார் மட்டும் நின்றுவிட்டது.

"என்ன சம்பந்தி, சத்தம் போகுது, வண்டி போகலியே?" என்றார் சம்பந்தி.

"ஏதோ கருகற வாசனை வருதுங்க!" என்றாள் கமலா.

"வரட்டும். இன்ஜின்லேர்ந்து வரல" என்றேன், பெருமையாக.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா பெர்சு, உறுமிக்கினே கீற, நகர மாட்டேன்ற?"

அவர் ஆட்டோவிலேயே மூவரும் ஏறிப் போனார்கள். பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் புடவை எடுத்தாயிற்று. அரக்கு நிறம். என்னை யாரும் கேட்கவில்லை.

இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் கரிக்கட்டை. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த நசீர் பாய், "ஒரு கீறல் இல்ல சார்" என்றார். அதைக் கடையிலிருந்த எல்லோரிடமும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இன்றைக்கும் மாப்பிள்ளையிடம் பாத்திரம் தேய்க்கச் சொன்னால், "அது வேற செக்‌ஷன், மாமா" என்கிறார். வீடே சிரிக்கிறது.

வண்டியைப் பழையபடி மாற்றி, செய்த குற்றத்தை ஏழு இணைப்புகளுடன் போக்குவரத்து அலுவலகத்துக்கு நானே எழுதிப் போட்டேன். 'தங்கள் மனு கிடைக்கப்பெற்றது' என்று ஒரே வரியில் பதில் வந்தது, என் பேத்தியின் காதுகுத்து அன்று.