வள்ளியூரில் நான் சொன்ன ஆமென்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கூடப் படித்தவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள், எத்தனை மாடி கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தெரிந்த பிறகும் இறங்காது, அது வேறு விஷயம்.

எங்கள் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கியபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. (பாளையங்கோட்டையில்தான் படித்தோம். கல்லூரியின் பெயரைச் சொன்னால் அவர்கள் என்னைத் தெரியாது என்று சொல்லிவிடக்கூடும்.) அன்று பிடித்தது சனி. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு விசாரித்தேன். ஒருவன் கப்பலில் தலைமைப் பொறியாளர். ஒருத்தி தலைமை ஆசிரியை. வண்ணார்பேட்டை ஆபீஸில் கிளார்க்காக எந்த நாற்காலியில் வேலைக்குச் சேர்ந்தேனோ அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் இதையெல்லாம் கேட்டேன். நாற்காலிக்கு மட்டும் ஒருமுறை பிரம்பு மாற்றியிருந்தார்கள்.

ஜெயசீலன் என் விடுதி அறைத்தோழன். ஒரே நல்ல சட்டையை இருவரும் முறைவைத்துப் போட்ட உறவு. இப்போது வள்ளியூரில் பைப்பும் பெயிண்டும் விற்கும் பெரிய கடை வைத்திருந்தான். புது வீடும் கட்டியிருந்தான். குடிபுகும் அன்று நடந்த வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு என்னால் போக முடியவில்லை, காய்ச்சல். (பொறாமைக் காய்ச்சல் என்பது என் மனைவி கிரேஸின் கருத்து.) போகாததற்குச் சேர்த்துவைத்துப் போனில் குடைந்தேன். முக்கியமாக, அவன் மகள் பெனிட்டாவைப் பற்றி.

"பிள்ள என்னலே படிச்சிருக்கா? எங்கன வேல பாக்கா? சம்பளம் எம்புட்டு வாங்குதா? வயசு என்ன ஆச்சு? சர்ச் கொயர்ல பாடுவாளா?"

கூடவே, என் மகன் ஆல்வினின் படிப்பு, வேலை, உயரம் எல்லாவற்றையும் கேட்காமலே ஒப்பித்தேன். பேச்சு முடியும்போது, "ஆல்வின் லீவுக்கு வாரான். மூணு பேருமா ஒருநாள் உன் வீட்டுக்கு வாரோம்லே" என்றேன். மறுமுனையில் அவன் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "சரி, வீட்டுல பேசிட்டுச் சொல்லுதேன்" என்றான். என்னைச் சாப்பிடக் கூப்பிட வீட்டில் என்ன பேச வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பிறகு அவனே ஒரு நாள் குறித்துச் சொன்னான்.

பிரதிஷ்டைக்குப் போகாத குறை தீர, ஜெயசீலன் மனைவிக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்தாள் கிரேஸ். கூடவே அல்வா, ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை. வெறும் பையில் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கினாள். ஆல்வின் கார் ஓட்டினான். நாங்குநேரி தாண்டியதும், "உங்க சிநேகிதரப் பாக்க நான் எதுக்குப்பா இஸ்திரி போட்ட சட்டையோட வரணும்?" என்று கேட்டான். கூடப் படித்தவனிடம் காட்டிக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

வீட்டு வாசலில் ஜெயசீலன் வெள்ளை வேட்டியில் நின்றான். பின்னால் அவன் மைத்துனர், அத்தைகள், சித்திகள், போதாக்குறைக்குச் சபை ஐயரும். (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) ஒரு சாதாரண கிளார்க்குக்கு இத்தனை வரவேற்பா என்று பூரித்துப்போனேன்.

"நீங்க இங்கன உக்காருங்க" என்று சோபாவைக் காட்டினான் ஜெயசீலன்.

ஏலே என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதில்லை. மாடி வீடு கட்டியதும் நாக்குக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சித்தி ஆல்வினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லவேள, பையன் அப்பாவ மாதிரி இல்ல" என்றார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஐயர் ஜெபிக்க எழுந்தார். எல்லோரும் கண்களை மூடினோம். ஜெபத்தின் முதல் வரியைக் கேட்டதும் என் மனம் சமையலறைப் பக்கம் போய்விடும், சிறுவயதுப் பழக்கம். அன்றைக்கு அங்கே ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஐயரின் குரல் ஏறியது, இறங்கியது, முடியப்போகும் தொனிக்கு வந்தது. எல்லோரையும் முந்திக்கொண்டு, வீடே அதிரும்படி "ஆமென்!" என்றேன்.

கண்ணைத் திறந்தால் ஆல்வின் முகம் வெளுத்திருந்தது. கிரேஸ் என் தொடையைக் கிள்ளினாள்.

"ஐயர் என்ன ஜெபிச்சாவன்னு தெரியுமா?" என்றாள் உதடு அசையாமல்.

"என்ன?"

"ஆல்வினையும் பெனிட்டாவையும் இணைச்சு ஆசீர்வதியும்னு. நீங்க ஆமென்னு கத்துதிய."

அதற்குள் பெனிட்டா பட்டுச்சேலை கட்டி, காப்பித் தட்டோடு வந்துவிட்டாள். தங்கமான பிள்ளை, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சும்மா வீடு பார்க்க வந்தோம் என்று இப்போது சொன்னால், இத்தனை உறவுக்காரர்கள் முன்னால் பெண்ணை வேண்டாமென்று சொன்னதாகிவிடும். ஜெயசீலன் அதற்குப் பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டான். சொல்லாமல் இருந்தால் என் மகன் விழிக்க மாட்டான். எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதன் போய்விடுவான் என்று நிஜமாகவே பயந்தேன். பயத்தில் காப்பியை ஊதாமல் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன்.

"பிள்ளைய ரெண்டும் மாடில போயிப் பேசிட்டு வரட்டும்" என்றார் மைத்துனர். ஆல்வின் ஒவ்வொரு படியிலும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினான். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தேன்.

சிறிது நேரத்தில் மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிடித்துவிட்டதோ என்று கிரேஸைப் பார்த்தேன். இருவரும் இறங்கி வந்தார்கள். பெனிட்டா நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், நீங்க வீடு பாக்கத்தான வந்திய?"

"ஆமாம்மா" என்றேன். உலகத்திலேயே மிகச் சிறிய குரலில் சொல்லப்பட்ட ஆமா அதுவாகத்தான் இருக்கும்.

"எனக்கும் இப்ப கல்யாணம் வேண்டாம். மேல படிக்கணும். சிநேகிதன் இவ்வளவு ஆசையா விசாரிக்கும்போது எப்படி முடியாதுன்னு சொல்லன்னு அப்பாதான் சங்கடப்பட்டாவ."

ஜெயசீலன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். இழுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான்.

"ஏலே மூதி! வீடு பாக்க வந்தவனுக்கு எம்பிள்ள சம்பளம் எதுக்குலே?"

"எல்லாரு பிள்ள சம்பளமும் கேப்பேன்லே. கப்பல்காரன் மவன் சம்பளத்தையும் கேட்டிருக்கேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு கொல்லைப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்தபடி சொன்னான்: "நீ போன் பண்ணுன நாள்லயிருந்து எனக்கு ஒறக்கமே இல்லலே. சம்பந்தியாயிட்டா உன்னைய நீங்க, வாங்கன்னுலா கூப்பிடணும்? என்னைய லேன்னு கூப்பிட மிச்சம் இருக்கது நீ ஒருத்தன்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனை ஏழெட்டு முறை காரணமே இல்லாமல் ஏலே என்று கூப்பிட்டேன்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஐயர் என்னைப் பார்த்து, "இது சாப்பாட்டுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு ஜெபிக்கத் தொடங்கினார்.

போன வருஷம் ஆல்வினுக்கு நிஜமாகவே பெண் பார்க்க அம்பாசமுத்திரம் போனோம். ஜெயசீலனும் வந்தான். அங்கே ஜெபம் நடந்தபோது ஒவ்வொரு வார்த்தையையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இஷ்டமில்லையோ என்று பெண்வீட்டார் ஒருவரையொருவர் பார்க்க, பின்னாலிருந்து ஜெயசீலன் என் முதுகில் குத்தினான்.

"ஏலே, இதுக்குச் சொல்லணும்லே. சொல்லு!"

சொன்னேன். அந்தப் பெண்தான் இப்போது எங்கள் மருமகள். வீட்டில் ஜெபம் முடிந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தலையசைத்து உத்தரவு கொடுத்த பிறகுதான் நான் ஆமென் சொல்கிறேன்.