மாமனார் வண்டிக்கு மூன்று ஆயில்

"சரியான ஆயிலை ஊத்தி வை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமனார் லார்ன் போனை வைத்துவிட்டார். எது சரியான ஆயில் என்று திருப்பிக் கேட்கும் துணிச்சல் ஆர்ரினுக்கு இல்லை.

குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடிப்போயிருந்த லார்ன், ஞாயிற்றுக்கிழமை கனடாவின் சஸ்காட்சவன் திரும்புகிறார். பார்த்துத் திருப்தியானால் அவருடைய வெள்ளை டீசல் பிக்கப் வண்டி ஆர்ரினுக்கு. இல்லையென்றால் மச்சான் கிளின்ட்டுக்கு. கிளின்ட், கண்ணாடி துடைக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஆயில் ஊற்றியவன். அவனிடம் தோற்பது குடும்பத்துக்கே அவமானம். ஆனால் ஆர்ரின் அந்த வண்டியை மாமனார் வீட்டிலிருந்து ஓட்டி வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை அதையே ஓட்டிக்கொண்டு பெவ்வின் காபிக் கடைக்கு யோசனை கேட்கப் போனான். மைனஸ் முப்பத்தாறு. வாசலில் பனியும் சேறும் அப்பிய ஏழெட்டு வெள்ளை பிக்கப்புகள் சாவியோடு உறுமிக்கொண்டு நின்றன. அந்தக் குளிரில் டீசல் வண்டியை அணைப்பவன் நடந்துதான் வீடு போவான்.

உள்ளே ஆயில் என்று ஒரு வார்த்தைதான் சொன்னான். காபி ஆறியது, நட்புகள் முறிந்தன. கடைசியில் மூலை மேஜைக் கிழவர் மெல்வின், கெட்டியான பதினைந்து-நாற்பதுதான் ஆயில், மற்றதெல்லாம் சாலட்டுக்கு ஊற்றுவது என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று எஞ்சின்களைச் சாகடித்த அனுபவசாலி. ஆர்ரின் நம்பினான்.

வீட்டுக் கொட்டகையில் பழையதை வடித்துவிட்டுப் பதிமூன்று லிட்டர் ஊற்றினான். மறுநாள் காலை எஞ்சின் முக்கி முனகி, ஒரு தும்மல் தும்மிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மனைவி ஜெனெல் எட்டிப் பார்த்தாள். "ஆயில் ஊத்தினியா, ரோட்டுக்குப் போடுற தார ஊத்தினியா?"

சூடேற்றி, வடித்து, இளக்கமான பூச்சியம்-நாற்பது ஊற்றினான். எஞ்சின் உடனே கிளம்பியது. ஆனால் ஆயில் அழுத்த முள் இறங்கிக்கொண்டே போனது. அவனுடைய அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. உதிரிபாகக் கடைக்காரர் போனில் சிரித்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஐந்து-நாற்பது என்றார். மறுபடி வடித்து, அதை ஊற்றினான்.

அதற்குள் ஊருக்கே செய்தி போய்விட்டது. மாட்டு டாக்டர் ஒரு ஆயில் சொன்னார். பாதிரியார் வேறொன்று சொல்லி, அதற்காக ஜெபிப்பதாகவும் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்ரின் போனையே அணைத்து இழுப்பறைக்குள் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை லார்ன் வந்தார். மகளைக்கூடப் பார்க்காமல் பானெட்டைத் திறந்தார். அளவுக் குச்சியை உருவினார். ஆயிலை விரலில் தேய்த்து, முகர்ந்து, லேசாக நக்கியும் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு வருஷமா கேக்குற சத்தம், மாப்ளே. கண்ணக் கட்டிவிட்டாலும் ஆயிரம் வண்டிக்கு நடுவுல என் வண்டியக் கண்டுபுடிச்சிருவேன்." அவர் வண்டியைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா இவ்ளோ சுத்தமா இது ஓடினதே இல்ல. எடுத்துக்க, இனிமே இது உன் வண்டி."

பதிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அங்கேயே நீட்டினார். கிளின்ட்டை நினைத்து ஆர்ரினுக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெவ் கண்ணாடியை இறக்கினாள்.

"போன ஏன்ப்பா அணைச்சு வச்சிருக்க? வியாழக்கிழமை நீ என் கடைலேர்ந்து ஓட்டிட்டுப் போனது பக்கத்து மேஜைல உக்காந்திருந்த ஸ்டானோட வண்டி. உங்க மாமனாரோடது அன்னைலேர்ந்து ஓடிக்கிட்டே இருந்து, டீசல் தீந்துபோய் என் கடை வாசல்லயே நிக்குது."