மணிக்கூட்டுக்குப் பக்கத்து இடம்

மொன்றியல் கீழ்க்கரை மக்கள் நலன்புரி ஒன்றியத்துக்குச் சொந்தமாக ஒரு கணினி உண்டு. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு குத்துவிளக்கேற்றி, நாடா வெட்டி, பதினொரு பேர் வாழ்த்துரை வழங்கி அதைத் திறந்துவைத்தோம். அன்று அதை இயக்கிப் பார்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. ஒன்றியத்தின் ஆவணக் காப்பாளன் என்ற முறையில் இவற்றைக் குறிப்பேட்டில் பதிந்தவன் நான். ஆகவே இந்த வரலாற்றில் பிழை ஏதும் இருந்தால் அது உத்தியோகபூர்வமான பிழை என்று கொள்க.

எங்கள் அலுவலகம் பார்க் எக்ஸ்டென்ஷனில் டெப்பனர் எனப்படும் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கத்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். நிர்வாகசபையில் பதினொரு பேர். பதினொருவருக்கும் பதவி உண்டு. வேலைதான் எல்லாருக்கும் போதவில்லை. அந்தக் குறையைக் கணினி தீர்த்துவைத்தது.

தொடக்கிவைத்தவர் தலைவர் நகுலேஸ்வரன். அவருக்குப் பொன்னாடை போர்த்திய படங்கள் நாற்பத்தாறும், கணினி விழித்ததும் தாமாகவே ஓடிக்காட்டும்படி ஒரு புரோகிராம் போடுவித்தார். படங்கள் ஓடி முடிந்த பிறகும் திரையின் அடியில், வலது மூலையில், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் அதன் அடையாளமாக ஒரு சின்னப் பொன்னாடை நின்றது. வினை அந்தச் சின்னப் படத்தில்தான் பிறந்தது.

செயலாளர் விமலநாதன் அதைப் பார்த்தார். மறுநாள் அவருடைய அரட்டைப் புரோகிராம் வந்து பொன்னாடைக்கு அருகில் மஞ்சள் முகத்தோடு குந்தியது. உபதலைவர் கிறகரி தினம் ஒரு வேதவசனம் வரச்செய்தார். அதைச் சமன்செய்யும் பொருட்டுச் சமய விவகாரப் பொறுப்பாளர் பஞ்சாங்கம் கொண்டுவந்தார். அது திருகோணமலைச் சூரியனுக்கு ஒன்று, மொன்றியல் சூரியனுக்கு ஒன்று என்று நாளுக்கு இரண்டு இராகு காலம் காட்டியது. காலநிலைப் பொறுப்பாளரின் புரோகிராம் வெளியே குளிர் என்று தெரிவித்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பான இருவர் ஆளுக்கொரு வைரஸ் காவலாளியை வைத்தார்கள். இரண்டு காவலாளிகளும் காலை முழுவதும் ஒன்றை ஒன்று கள்ளன் என்று பிடித்துக்கொண்டிருந்தன. இது கியூபெக் என்பதால் எல்லாருக்கும் முன்னால் ஒரு பிரெஞ்சு அகராதி வந்து "போன்ஜூர்" சொன்னது. என்னுடையது ஒரு நினைவூட்டி. நேற்றுக் கூட்டம் நடந்தது என்பதைத் தினமும் நினைவூட்டும்.

ஒருவருக்கும் மற்றவருடைய புரோகிராம் என்ன செய்கிறது என்று தெரியாது. மூலையில் அவரவர் படம் நிற்கிறதா, மணிக்கூட்டிலிருந்து எத்தனையாவதாக நிற்கிறது என்பதுதான் பேச்சு. மேடையில் முன்வரிசைக் கதிரை எப்படியோ அப்படித்தான் இதுவும். என்னுடையது ஐந்தாவது. மறைப்பானேன், எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இத்தனை பேரும் வந்து அமரக் கணினிக்கு முப்பத்தெட்டு நிமிடம் பிடித்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு ஜான்-டலோன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வரலாம். நான் பல நாள் வாங்கி வந்திருக்கிறேன்.

இதனால் பாதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். ஒன்றியத்தின் நடன ஆசிரியை நீலாவதி ரீச்சர். அவருக்கு முப்பத்துநான்கு பிள்ளைகள். ஜூன் மாதத்தில் அவர்களை மேடையேற்ற மண்டபம் வேண்டும். மண்டபக்காரர்கள் மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் பதிவைத் திறப்பார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லா நாளும் போய்விடும். எங்கள் கட்டடத்தின் கீழ்க்கதவோ எட்டரைக்குத்தான் திறக்கும். போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது வீட்டுக்காரரின் கட்டளை. எட்டரையோடு முப்பத்தெட்டைக் கூட்டினால் ஒன்பது எட்டு; பதிவு முடிந்து மூன்று நிமிடம். உத்தியோகபூர்வக் காரியத்தை உத்தியோகபூர்வக் கணினியில்தான் செய்யவேண்டும் என்று ஏற்கனவே ஒரு தீர்மானம் இருப்பதால் ரீச்சர் தன் வீட்டிலிருந்தும் பதிய முடியாது.

போன வருடமும் அந்த மூன்று நிமிடத்தில் மண்டபம் கைநழுவிப் போனது. எடுத்தவர்கள் ஐக்கிய கீழ்க்கரை ஒன்றியத்தார். எங்களிடமிருந்து பிரிந்துபோனவர்கள் என்பதால் ஐக்கியம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு பெப்ரவரியில் ரீச்சர் தன் வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருந்த மாதவனை நிர்வாகசபைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். சென்னைப் பையன், இங்கே பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறவன். அவன் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து ஏதோ தட்டினான். பதினைந்து பெயர் கொண்ட பட்டியல் வந்தது; பதினொருவரில் சிலர் இரண்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.

"எதையும் அழிக்க வேணாம் சார்," என்றான். "எல்லாம் உள்ளயே இருக்கும். ஆன் பண்ண உடனே தானா ஓடி வர்றத மட்டும் நிறுத்திடலாம். இந்த டிக்கை எடுத்தா போதும். வேணும்னா கூப்பிட்டா வந்துடும்."

"கூப்பிட்டால் வருமோ?" என்று தலைவர் கேட்டார்.

"வரும் சார்."

"கூப்பிடாட்டி?"

"வராது சார். அதுதானே நமக்கு வேணும்."

கிறகரி தொண்டையைச் செருமினார். "தம்பி, வேதவசனத்தை ஆள் விட்டே கூப்பிடுறது? அது தானா வரவேணும்."

"நாப்பது வருசமா என்னை ஒரு கூட்டத்துக்கும் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை," என்றார் விமலநாதன். "நான் போகாத கூட்டமும் இல்லை. என்ர புரோகிராமும் அப்பிடித்தான் இருக்கும்."

"பிள்ளையள் செப்டெம்பரில இருந்து பழகுதுகள் அண்ணை," என்றார் ரீச்சர். "கயல் ஆறு வருசமாப் பழகுறாள். இன்னும் ஒரு மேடை காணேல்லை. இந்த வருசத்தோட படிக்க ஒட்டாவாவுக்குப் போயிடுவாள். இந்த முறையும் விட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லுறது?"

எல்லாரும் உருகிப்போனோம். உருகிய நிலையிலேயே ஓர் உபகுழு அமைத்தோம். தானாக வரும் புரோகிராம்களின் வருகை ஒழுங்கு ஆய்வு உபகுழு என்று அதற்குப் பெயர். அது மூன்று முறை கூடி, இரண்டு பக்க அறிக்கை தந்தது. பதினைந்து புரோகிராம்களும் அத்தியாவசியமானவை. தாமதத்துக்குக் காரணம் எண்ணிக்கை அல்ல, வரிசை இல்லாமல் முண்டியடிப்பதே. ஆகவே யார் முன்னால், யார் பின்னால் என்று மரியாதைக் கிரமப்படி உள்ளே விடுவதற்கு இன்னொரு புரோகிராமை நியமிக்கவேண்டும்.

"சார், உள்ள கூட்டம் தாங்கலைன்னு சொன்னா இன்னொருத்தர உள்ள அனுப்புறீங்களே," என்றான் மாதவன்.

"கூட்டம் எண்டால் ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வேணும்தானே தம்பி," என்றார் விமலநாதன்.

புதியவர் நியமிக்கப்பட்டார். முப்பத்தெட்டு நிமிடம் நாற்பத்துநான்கு ஆனது. ஒழுங்கு மேம்பட்டதைச் சபை திருப்தியுடன் குறித்துக்கொண்டது.

பதிவு திறக்கும் திங்கட்கிழமைக்கு முந்திய சனி மத்தியானம் ரீச்சரும் மாதவனும் என் வீட்டுக்கு வந்தார்கள். அலுவலகத் திறப்புச் சாவி என்னிடம்தான் இருக்கும்.

"அண்ணை, நான் உங்களிட்ட ஒண்டும் கேட்டதில்லை," என்றார் ரீச்சர். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை. போய்த் திறந்துவிட்டேன். என் வாழ்க்கையில் குழு அமைக்காமல் நான் எடுத்த ஒரே முடிவு அது.

மாதவன் ஒவ்வொன்றாக அடையாளத்தை எடுத்துக்கொண்டே போனான். ஐந்தாவதற்கு வந்தபோது, "தம்பி, இது ஒண்டு மட்டும் நிண்டால் பெரிசாப் பிந்தாதுதானே?" என்று கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அதையும் எடுத்துவிட்டான்.

திங்கள் காலை சுவிட்சைப் போட்டேன். கையுறையைக் கழற்றி முடிப்பதற்குள் கணினி தயாராகிவிட்டது. ஒன்றரை நிமிடம். மூலையில் மணிக்கூடு மட்டும் தனியாக நின்றது. ஒன்பது மணி அடித்து ஒரு நிமிடத்தில் ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது. ரீச்சர் கதிரையில் இருந்தபடியே அழுதுவிட்டார். கயலுக்குத் தொலைபேசியில் சொன்னபோது மறுபக்கத்தில் அந்தப் பிள்ளை குதித்த சத்தம் எனக்கும் கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குத் தலைவர் வந்தார். திரையின் மூலையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். பதினொரு மணிக்கு அவசரக் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஒன்றியம் இவ்வளவு வேகமாகக் கூடியதாக என் குறிப்பேட்டில் வேறு பதிவு இல்லை.

"ஆர் மண்டபத்தைப் பதிஞ்சது?" என்றார் தலைவர்.

"எங்கட கணினிதான் ஐயா," என்றேன்.

"நாங்கள் ஒருத்தரும் இல்லாமலோ?"

"ஓம் ஐயா. ஒண்டரை நிமிசத்தில."

மண்டபம் கிடைத்ததை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. தாங்கள் ஒருவரும் இல்லாமல் கிடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. தலைவர் தணிந்த குரலில், "அந்த ஒண்டரை நிமிசத்தைக் குறிப்பில எழுதாதேங்கோ," என்றார். நான் எழுதவில்லை.

விமலநாதன் ஒன்றியத்தின் சட்டக்கோவையான யாப்பைப் புரட்டினார். நிர்வாகசபையில் ஆறு பேராவது இல்லாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் செல்லாது. பதிவு நடந்த வேளையில் கணினியில் நிர்வாகசபையார் ஒருவரும் இருக்கவில்லை. எனவே பதிவு செல்லாது. செல்லாத பதிவை வைத்திருப்பது ஒன்றியத்தின் நேர்மைக்கு இழுக்கு. மண்டபத்தை இரத்துச்செய்து, முறைப்படி மீண்டும் பதிவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. முறைப்படி எல்லா அடையாளங்களையும் திரும்பப் போட்டோம். மாதவன் தலையில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

இரத்துக் கடிதம் பன்னிரண்டு மணிக்குப் போனது. கணினியை முறைப்படி நிறுத்தி, முறைப்படி தொடங்கினோம். அது எழும்பி வரமுன் ஐக்கிய ஒன்றியம் அந்தச் சனிக்கிழமையை எடுத்துவிட்டது. அவர்கள் இன்னும் நாலே பேர். பதவி பிரிக்க அவகாசம் கிடைக்காததால் அவர்களுடைய கணினி ஒரு நிமிடத்தில் எழும்பிவிடுமாம்.

கயல் மேடை காணாமலே ஒட்டாவாவுக்குப் போக ஆயத்தமானாள். மாதவன் அறையைக் காலிசெய்துகொண்டு இல்-பிசாருக்குப் போனான். பஸ் அரிதாக ஓடும் இடம். எங்களுக்கு எட்டாத இடமாகத் தேடித்தான் எடுத்திருப்பான்.

மே மாதத்தில் பெற்றோர்கள் கையெழுத்து வைத்துப் பொதுக்கூட்டம் கேட்டார்கள். பதினொரு இராஜினாமாக் கடிதங்களைக் கையாலேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனோம். கயலின் தகப்பன் இரவிச்சந்திரன் எழுந்தார். தொலைவான புறநகர் கர்க்லாண்டில் வீடு வாங்கிப் போனாலும் சந்தா தவறாதவர்.

"முப்பத்துநாலு பிள்ளையளின்ர தாய் தகப்பன் சார்பில கேக்கிறன்," என்றார். "இது என்ன நியாயம்? சந்தா கட்டுறது நூற்றுப் பன்னிரண்டு பேர். கொம்பியூட்டர் மூலையில படம் நிக்கிறது பதினொரு பேருக்கு மட்டும். எங்கட படங்கள் எங்கை?"

கூரை அதிரக் கைதட்டினார்கள். நாங்கள் கடிதங்களை இன்னும் ஆழமாகப் பைக்குள் தள்ளிவிட்டு, நாங்களும் தட்டினோம்.

அந்த ஆரவாரத்துக்குள் நீலாவதி ரீச்சர் எழுந்து, "அப்ப மண்டபம்?" என்று கேட்டார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. தலைவர் அனுபவசாலி. "மண்டபத்துக்கெண்டு ஒரு செயலாளர் இல்லாததுதான் பிழை," என்று அறிவித்து, அந்தப் பதவியை அங்கேயே ரீச்சருக்குக் கொடுத்தார். மூலையில் அவருக்கு ஒரு சலங்கைப் படமும் ஒதுக்கினார். ரீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

இப்போது எங்கள் கணினி எழும்ப இரண்டரை மணி நேரம் ஆகிறது. படங்களின் வரிசை மணிக்கூட்டில் தொடங்கித் திரையின் நடுவைத் தாண்டிவிட்டது. ஜூன் மாதத்து முதலாவது திங்கள் காலை ரீச்சர் அலுவலகத்துக்கு வந்து என் பக்கத்தில் இருந்தார். பதினொரு மணி போலக் கடைசியில் சலங்கை வந்து நின்றது. அவர் திரைக்கு நெருங்கி வந்து விரலால் எண்ணினார்.

"என்ன ரீச்சர்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அண்ணை. என்ர சலங்கை ஏன் இவ்வளவு தள்ளிக் கிடக்குது? நேற்று வந்த இரவிச்சந்திரன்ர படம் எனக்கு முன்னால நிக்குதே."

"மரியாதைக் கிரமப்படி விட்டிருக்கும்."

"நான் ஆறு வருசமா இங்கை பழக்கிறன். இதை ஒருக்காக் கூட்டத்தில கதைக்க வேணும்."

குறித்துக்கொண்டேன். மார்கழி மாதத்துக்கான மண்டபப் பதிவு அன்று காலை ஒன்பது மணிக்குத் திறந்து, ஒன்பது ஐந்துக்கு முடிந்திருந்தது. அதைப் பற்றி ரீச்சர் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அந்த யோசனை வரவில்லை. என்னுடையது ஆறாவது இடத்துக்குப் போயிருந்தது.