நல்ல அமைச்சர் வரும்வரை

பிராக், 30 டிசம்பர் 1992

மரியாதைக்குரிய அத்தான் ஒந்த்ரேய் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி விலெம் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முட்டிவலி, பூனை மூவரும் நலம். கோஷிட்சேயில் நீங்கள், போஷேனா அக்கா, உங்கள் ரத்த அழுத்தம் மூவரும் அவரவர் அளவில் இருக்க வேண்டும். நாளை மறுநாள் இந்த நாடு இரண்டாகிறது. நான் செக், நீங்கள் ஸ்லோவாக். நமக்கு நடுவே சோதனைச்சாவடி வந்துவிடும். ஒரே நாட்டில் இருக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மனு நிராகரிக்கப்படவில்லை.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். வியன்னாவுக்குப் போய்விட்ட உங்கள் தங்கை இரேனாவைப் பத்து நாள் பார்த்துவர அனுமதி கேட்டு, 1971இல் உள்துறை அமைச்சருக்கு எழுதினீர்களே, அந்த மனு. ஊர் அலுவலகம் முடியாது என்றதால் மேலே எழுதினீர்கள். தபாலில் போடாமல் என் கையில் கொடுத்தீர்கள். "மச்சான் உள்ளயே இருக்கான், அப்புறம் எதுக்கு தபாலு?" என்று அக்காவிடம் பெருமையடித்தீர்கள். நான் உள்ளேதான் இருந்தேன். அமைச்சருக்கு வரும் மனுக்களை நீல அட்டையில் வைத்து மேல்மாடிக்கு அனுப்பும் வேலை. எப்போது அனுப்புவது என்பதும் என் கையில்தான் இருந்தது. வினை அங்கேதான்.

எங்கள் பிரிவில் எழுதாத விதி ஒன்று உண்டு. புது அமைச்சர் வந்து மூன்று மாதம் வரை சிக்கலான மனு எதையும் மேலே அனுப்பக் கூடாது, அவருக்குப் பயம். போகப்போகிற அமைச்சரிடமும் கூடாது. அவருக்கு இன்னும் பயம். அவர் போகப்போகிறார் என்பது அவருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். அவருடைய கார் ஓட்டுநர் எங்களோடு சூப் சாப்பிட வந்து உட்கார்ந்தால் சரி, ஆள் முடிந்தார். இடையில் இருக்கிற நல்ல நாளில்தான் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் மனு என்றால் நான் இவ்வளவு பார்ப்பதில்லை. அத்தான் மனு என்பதால் பார்த்தேன். தப்பான நாளில் மேலே போய் "முடியாது" என்று ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் அதை அழிக்க முடியாதே.

முதலில் இருந்த அமைச்சருக்கு வயிற்றுக்கோளாறு. மருந்தாகக் குடிக்கும் கார்ல்ஸ்பாட் ஊற்றுநீர் வேலை செய்த நாளில் கையெழுத்து, செய்யாத நாளில் கர்ஜனை. நீர் வேலை செய்யுமுன் ஓட்டுநர் சூப்புக்கு வந்துவிட்டார். அடுத்தவர் ஓரத்தில் மூன்று விரல் இடம் விடாத மனுவைத் தொடமாட்டார். உங்களுடையதில் இரண்டு விரல். நானே மறுபடி தட்டச்சு செய்தேன். ஒரு வரியை விட்டுவிட்டேன், மறுபடி செய்தேன். முடிப்பதற்குள் அவர் தூதராகப் போய்விட்டார். மூன்றாமவர் வேட்டைக்காரர். மான் விழுந்த வாரம் என்ன கேட்டாலும் தருவார். ஒரு திங்கட்கிழமை துப்பாக்கிப் பையோடு சிரித்துக்கொண்டே வந்தார் என்று கேள்விப்பட்டு, அட்டையைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினேன். செயலாளர் ஹெட்விகா அம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"எங்க போறீங்க விலெம், பைத்தியமா? அவர் சுட்டது மான் இல்ல, அவரோட நாயி."

"சிரிச்சாராமே?"

"அது சிரிப்பா? உள்ள போய்ப் பாருங்க, அழுதுகிட்டிருக்கார்."

அட்டையோடு இறங்கிவிட்டேன். இப்போது தோன்றுகிறது. அழுகிற மனிதன் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பான்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோஷிட்சே வந்தேன். குளியல் தொட்டியில் விருந்துக்கு வாங்கிய கெண்டை மீன் நீந்திக்கொண்டிருக்கும். நீங்கள் கையில் சுத்தியலோடு தொட்டியோரம் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்பீர்கள்.

"என்ன மச்சான், நம்ம மனு?"

"மேல இருக்கு அத்தான்."

அது மேலே இல்லை. என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. ஒரு வருடம், "மாட்டேன்னுட்டானா?" என்று கேட்டீர்கள். நான் மீனைப் பார்த்தேன். அதையே ஆமாம் என்ற பதிலாக எடுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. எண்பத்து மூன்றில் வியன்னாவிலிருந்து அந்தக் கறுப்பு ஓரக் கடிதம் வந்தது. அந்த வருட விருந்தில், "என் தங்கச்சி முகத்தக்கூடப் பாக்க விடாம பண்ணின மந்திரி நல்லா இருப்பானா?" என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொண்டேன்.

அத்தான், எந்த மந்திரியும் உங்கள் பெயரைப் பார்த்ததே இல்லை.

எண்பத்தொன்பதில் சதுக்கத்தில் எல்லோரும் சாவிக்கொத்தைக் குலுக்கிப் போராடி அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு மேல்மாடிக்குப் புது ஆட்கள் வந்தார்கள். கம்பளிச் சட்டை, கழுத்துப்பட்டை கிடையாது. இதுதான் நல்ல நாள், இரேனா இல்லாவிட்டாலும் கையெழுத்தாவது வாங்கித் தருவோம் என்று முடிவுசெய்து, விதியையும் மறந்து, முதல் வாரமே அட்டையை நீட்டினேன். புதிய செயலாளர்ப் பெண் புரட்டிப் பார்த்தாள்.

"வியன்னா போக அனுமதியா? இப்ப யாரு வேணாலும் பஸ் ஏறிப் போகலாமே ஐயா. இதுக்கு எதுக்குக் கையெழுத்து?"

அதே வாரம் நீங்கள் பஸ் ஏறிப் போனீர்கள். பத்து நாள் அல்ல, அரை நாள். கல்லறையில் அவ்வளவுதான் நேரம் பிடிக்கும்.

இந்த மாதம் அமைச்சகத்தைப் பிரித்தார்கள். எல்லாம் இரண்டுக்கு ஒன்று. இரண்டு நாற்காலி பிராகுக்கு, ஒன்று ஸ்லோவாக் பக்கம் பிராத்திஸ்லாவாவுக்கு. பட்டியல் எடுக்க வந்தவர் என் இழுப்பறையைத் திறந்து, "இது எந்தப் பக்கம்?" என்றார். "எங்க குடும்பம்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். இருபத்தோரு வருடத்தில் நான் உடனே எடுத்த ஒரே முடிவு அது.

நான் உங்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதைச் சொல்லித் தப்பிக்கவும் பார்க்கவில்லை. நிராகரித்திருந்தாலாவது நீங்கள் வேறு வழி தேடியிருப்பீர்கள். நான் உங்களைக் காத்திருக்க வைத்தேன். மன்னிக்கக் கேட்கிறேன். இனி எதையும் நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடுவதில்லை என்று சத்தியம் செய்கிறேன். முதல் சாட்சி இந்தக் கடிதம். மை காய்ந்ததும் தபாலில் சேர்த்துவிடுவேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் காலைத் தொட எனக்கு அருகதையில்லை, முட்டியும் வளையாது. இரு நாடுகளிலும் பனி குறைவாகப் பெய்யட்டும்.

உங்கள் மைத்துனன்,
விலெம்

பி.கு.: கோஷிட்சே ரயில் நிலையம், 7 அக்டோபர் 1993. மேலே செய்த சத்தியத்தை அடித்துவிடவும். ஜனவரியில் உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று அக்கா எழுதினாள். வசந்தத்தில் கூரை ஒழுகுகிறது, கோபமாக இருக்கிறீர்கள் என்றாள். நல்ல நாள் வரட்டும் என்றிருந்தேன். போன வாரம் துணிந்து தபால் நிலையம் போனேன். உறையில் ஒட்டியிருந்த தபால்தலை பழைய நாட்டுடையதாம், இந்த மாதம் முதல் செல்லாதாம். சாளரத்துக்குள்ளிருந்து திருப்பித் தள்ளினார்கள். அதனால் கடிதத்தையும் நீல அட்டையையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். இப்போது உங்கள் ஊர்க் காத்திருப்பு மண்டபத்தில் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் டிராம் மூன்று போய்விட்டது. சனிக்கிழமை காளான் பறித்துவிட்டு வந்தால்தான் நீங்கள் நல்ல மனநிலையில் இருப்பீர்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இன்று வியாழன். மழையும் இல்லை, காளானும் இருக்காது.

நாலாவது டிராம் வருகிறது. எழுந்துவிட்டேன்.