பாஸ் மார்க்கை ஏற்றப் போன கதை

ராஜபாளையத்துப் பஸ்ஸில் ஓடி வந்து, படியில் தொத்தி, கடைசி ஆளாக உள்ளே நுழைந்தவன்தான் முதலில் கத்துவான்: "உள்ளே இடமில்லை, போலாம் ரைட்!" நானும் அப்படிக் கத்தியவன்தான். பஸ்ஸில் இல்லை, மேடையில்.

வயர்மேன் லைசென்ஸ் பரீட்சையில் நான் பாஸாகி மூன்று மாசம் இருக்கும். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் பாஸ். நான் எடுத்தது நாற்பது. (திருத்தின புண்ணியவான் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்.) மார்க் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே, "முதல் தடவையிலேயே தட்டித் தூக்கிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் எலக்ட்ரீஷியன் சங்கக் கூட்டம். பாஸ் மார்க் ரொம்பக் குறைவா என்று விவாதம். முடிவில் கை தூக்கச் சொல்லி, அறுபதாக ஏற்றக் கேட்டு மனு அனுப்ப ஏற்பாடு. ஏற்றணும் என்று பேச ஆள் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டேன்.

சேத்தூரில் என் அக்கா வீட்டுக்காரர், மச்சான், அடுத்த மாசம் அதே பரீட்சையை எழுத இருந்தார். பதினைந்து வருஷமாகக் கிணற்று மோட்டாருக்கு வயரிங் செய்கிறவர். போன தடவை முப்பத்தெட்டில் போச்சு. லைசென்ஸ் வந்தால்தான் மில்லில் வேலை நிரந்தரம். இதெல்லாம் தெரிந்தும் பேசப் போனேன் பாருங்கள், அதுதான் வெட்கக்கேடு.

"நாப்பது எடுத்தவனை நம்பி உங்க வீட்டு மெயின் போர்டைத் தொட விடுவீங்களா?" என்றேன். கைதட்டல். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு. அட, நமக்கு நகைச்சுவையும் வருதே என்று குரலை ஏற்றினேன்.

"நாப்பது எடுத்தவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியும்ங்க!"

மண்டபமே குலுங்கியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முதுகுப் பக்கம் கை காட்டினார்.

திரும்பினேன். ஏணி மேல் மச்சான். நான் மேடையேறுகிற சந்தோஷத்தில் தளவாய்புரத்தில் ஃபிளக்ஸ் அடித்து, பஸ்ஸில் கொண்டுவந்து, எனக்குப் பின்னாலேயே கட்டி முடித்திருந்தார். கூலிங்கிளாஸோடு ஆளுயரத்துக்கு நான். கீழே: 'அரசுத் தேர்வில் 100க்கு 40 பெற்று வாகை சூடிய எங்கள் மின்னலே!'

மச்சான் மெல்ல இறங்கி வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"ஏலே மாப்ள, நாப்பதுன்னா கேவலமாலே? எங்களுக்குத் தெரியாமப் போச்சே. முப்பத்தெட்டு எடுத்தவனுக்கு நாப்பது எம்புட்டுப் பெருசு தெரியுமா?"

அம்புட்டும் மைக்கில் கேட்டது. சிரிப்பு நின்றுபோச்சு. "நான் பேசினது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை வைத்தேன். தலைவர் கை தூக்கச் சொன்னார். ஒரு கைகூட எழவில்லை, மனுவும் போகவில்லை.

அந்த மாசம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேத்தூர் போய் மச்சானுக்குக் கேள்வி கேட்டேன். (பாதிக் கேள்விக்கு அவர்தான் எனக்கு விளக்கம் சொன்னார்.) ரிசல்ட் வந்த அன்றைக்குப் போன்.

"மாப்ள, அம்பத்தெட்டு! பாஸுலே!" செத்த நேரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஒன் பேச்சைக் கேட்டிருந்தா நான் இன்னைக்குப் பெயிலு."

இப்போது மில்லில் அவர் நிரந்தரம். அவர் போன் வந்தால் என் மகள்தான் ஓடிப் போய்ப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள்:

"ஏப்பா நாப்பது, அம்பத்தெட்டு கூப்பிடுது!"